ஆற்றிலேயே நின்றுபோன இரும்புப் படகு

பிள்ளைகளே,

போன ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வந்தவர்கள் எழுந்து போன பிறகு, காபி டம்ளர்களைப் பொறுக்கியபடியே பெரியவன் தங்கையிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

"நல்ல வேள, நைனா அந்தக் கப்பல் கதய எடுக்கல. எடுத்திருந்தா மாப்ள வூட்டுக்காரங்க மாடிப்படியில உருண்டுகினு ஓடியிருப்பாங்க."

சின்னவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மாப்பிள்ளையின் மாமா "பொண்ணோட அப்பா இன்னா பண்றாரு?" என்று கேட்டபோது, "வெல்டிங். கேட்டு, கிரில்லு, மாடிப்படி எல்லாம் செய்வாரு" என்று பதில் சொன்னதும் பெரியவன்தான். நான் தலையாட்டினேன். அதில் பொய் ஒன்றும் இல்லை. எர்ணாவூரில் பாதி வீட்டு ஜன்னல் என் கையால் ஆனது.

உங்கள் மேல் எனக்குக் கோபம் கிடையாது. நான் அந்த இரும்புப் படகைக் கட்டியபோது நீங்கள் சின்ன வகுப்பில் இருந்தீர்கள். சின்னவள் அந்தப் படகின் நிழலில் பாய் போட்டுப் படுத்துத் தூங்கியிருக்கிறாள், அவளுக்கு அது நினைவில் இருக்காது. எனக்குக் கோபம் வேறு இடத்தில் இருக்கிறது. அதைச் சொல்லாமலே செத்துப்போனால் நான் செய்ததெல்லாம் கேட்டும் கிரில்லும்தான் என்று நீங்கள் நினைத்துக்கொள்வீர்கள். நான் எட்டாவதோடு நின்றவன். எழுத்து கோணலாகத்தான் வரும். பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

கல்யாணத்துக்கு முன்னால் ராயபுரத்தில் ஒரு கப்பல் ரிப்பேர் பட்டறையில் வேலை பார்த்தேன். துறைமுகத்துக்கு வரும் கப்பலில் ஓட்டை விழுந்த அடிப்பாகம், அரித்துப்போன இரும்புத் தட்டு என்று எதையாவது வெட்டியெடுத்துப் புதிதாக ஒட்டுகிற வேலை. அடித்தட்டுக்குக் கீழே மல்லாந்து படுத்துக்கொண்டு வெல்டிங் அடித்தால் பொறியெல்லாம் கழுத்துக்குள் விழும். என் தோளில் இருக்கிற புள்ளிகளை அம்மை என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள். அது அம்மை இல்லை.

காசிமேட்டில் அந்தக் காலத்தில் எல்லாம் மரப்படகு. மரம் கிடைப்பது குறைந்துகொண்டே போனது. கிடைத்த மரமும் பச்சையாக இருந்தது. ஒரு மழைக்காலம் தாண்டினால் பலகை விலகித் தண்ணீர் கசிந்தது. அந்தப் படகுகளைப் பார்க்கப் பார்க்க எனக்கு ஒரே எண்ணம்தான். இவ்வளவு பெரிய கப்பல் இரும்பில் மிதக்கும்போது மீன் பிடிக்கிற படகு ஏன் மிதக்காது? இப்போது இரும்புப் படகு எங்கேயும் இருக்கிறது. அன்றைக்கு நம் ஆற்றங்கரையில் இதைச் சொன்னவன் நான் ஒருத்தன்தான்.

பணம் போட ஆள் வேண்டும். பழைய வண்ணாரப்பேட்டையில் பழைய இரும்புக் கடை வைத்திருந்த பாய் ஒருவர் என் கூட்டாளியானார். உடைத்த கப்பலின் தட்டுகள் அவர் கடைக்கு லாரி லாரியாக வரும். எனக்கு மூத்தவர், ஆனாலும் என்னை "மாமு" என்றுதான் கூப்பிடுவார். நான் விஷயத்தைச் சொன்னதும் டீயைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

"மாமு, நான் கப்பல ஒடச்சு விக்கிறவன். நீ என்னை வெச்சுக் கட்டச் சொல்ற. அல்லா இன்னா கேப்பான் தெரியுமா? ஒயுங்கா ஒரு தொயிலப் பாருடான்னு கேப்பான்."

அப்படிச் சொன்னவர்தான் மறுவாரமே தட்டுகளை அனுப்பினார்.

இடம் உங்கள் அம்மாவின் ஊர் கொடுத்தது. எண்ணூர் ஆறு கடலில் சேர்கிற முகத்துவாரத்துக்குக் கொஞ்சம் உள்ளே, ஆற்றங்கரையில் ஊர்ப் பொது நிலம். குப்பத்து மாப்பிள்ளை என்பதால் வாடகை வாங்காமல் கொடுத்தார்கள். ஊர்த் தலைவர் உங்கள் அம்மாவுக்குச் சித்தப்பா முறை. அந்த உதவியை நான் மறக்கவில்லை. இதில் நான் அவரைப் பற்றி எழுதப்போவதைப் படிக்கும்போது இதையும் சேர்த்துப் படித்துக்கொள்ளுங்கள்.

முதலில் சின்னதாக இரண்டு படகு கட்டினேன். வேடிக்கை பார்க்க வந்தவர்கள் சும்மா போகவில்லை. "மாப்ள, ஆணி போட்டாலே முயுவுது. நீ மொத்தமா இரும்பப் போட்டு எறக்கப் போறியே, கூடவே ரெண்டு முங்கு நீச்சக்காரன வெச்சுக்கோ." இரண்டும் மிதந்தன. இரண்டும் கடலுக்குப் போயின. அதற்குப் பிறகு கிண்டல் நின்றது. மரியாதை வந்ததா என்றால் இல்லை, கிண்டல் மட்டும் நின்றது.

அப்புறம்தான் ராயபுரத்துப் படகு ஓனர் ஒருவர் வந்தார். ஆழ்கடலுக்குப் போய்ப் பல நாள் தங்கி மீன் பிடிக்கிற பெரிய படகு கேட்டார். என் படகைச் சுற்றி வந்து, கையால் தட்டிப் பார்த்து, "சத்தம் சோக்கா கீது" என்றார். அதுதான் ஒப்பந்தம்.

அந்தப் படகு முடிய இரண்டு வருஷம் போலப் பிடித்தது. தட்டுகளை வளைத்து, ஒட்டி, ஒவ்வொரு ஒட்டுக்கும் உள்பக்கம் சுண்ணாம்பு அடித்து, வெளிப்பக்கம் மண்ணெண்ணெய் தடவுவேன். எங்காவது ஊசி முனை அளவு ஓட்டை இருந்தாலும் வெள்ளைச் சுண்ணாம்பில் எண்ணெய் கறுப்பாகக் கசிந்துவிடும். நீங்கள் பள்ளிக்கூடம் விட்டு வந்து "நைனா, கருப்புப் புள்ளி எங்கயும் இல்ல" என்று கத்துவீர்கள். அந்தச் சத்தம் அந்த இரும்புக்குள் எப்படி எதிரொலிக்கும் தெரியுமா?

ஒரே ஒரு கவலை முகத்துவாரம். கடல் பக்கமிருந்து மணல் வந்து அடைக்கும். ஆற்றுப் பக்கமிருந்து அனல்மின் நிலையத்துச் சாம்பலும் சேறும் வந்து அடைக்கும். சின்னப் படகுக்கு முழங்கால் ஆழம் போதும். இந்தப் படகு சுமை ஏற்றாமல் மிதந்தாலே ஆளுயரத் தண்ணீர் கேட்கும். ஆனால் மழைக்காலத்தில் வெள்ளம் வந்தால் ஆறு தானாகவே வாயைத் திறந்துகொள்ளும். அதோடு அமாவாசை வந்தால் கடல் தண்ணீரும் ஏறி உள்ளே வரும். இந்த இரண்டும் சேர்கிற நாளில் படகை வெளியே எடுத்துவிட வேண்டும். ஊரில் எல்லாருக்கும் தெரிந்த கணக்கு இது. நான் கண்டுபிடித்தது இல்லை. அப்படித்தான் எல்லாரும் பெரிய படகை வெளியே எடுப்பார்கள்.

அந்த வருஷம் மழை நன்றாகப் பிடித்துக்கொண்டது. ஆறு முகத்துவாரத்தை அகலமாக அறுத்துவிட்டது. அமாவாசை அன்று காலை நாள் குறித்தோம்.

விடிந்ததும் கரையில் திருவிழாக் கூட்டம். சவுக்குக் கட்டைகளைப் படகுக்கு அடியில் வரிசையாகப் போட்டு மாட்டுக் கொழுப்பும் கிரீஸும் பூசியாகிவிட்டது. இழுக்க உங்கள் மாமன்களும் குப்பத்து ஆட்களும் வடத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பின்னால் தள்ள ஒரு பொக்லைன் வண்டி. ஓனர் வீட்டுப் பெண்கள் பூசணிக்காயோடு வந்திருந்தார்கள். பாய் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு தூரமாக நின்று, "மாமு, மிதந்தா நம்ம படகு. முயுகினா உன் படகு" என்று சிரித்தார்.

அப்போது குப்பத்துக்குள்ளிருந்து சங்குச் சத்தம் கேட்டது.

வடத்தைப் பிடித்திருந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராகக் கையை விட்டார்கள். ஒரு காலத்தில் மீன் ஏலம் கூறிவந்த பெரியவர் ஒருவர், பல நாளாகப் படுக்கையில் கிடந்தவர், அப்போதுதான் போயிருந்தார். குப்பத்தில் ஒரு சாவு விழுந்தால் பிணம் எடுக்கிறவரைக்கும் யாரும் தண்ணீரில் இறங்கக் கூடாது. வலை போகாது, கட்டுமரம் போகாது. இது உங்களுக்கும் தெரிந்த வழக்கம்தான். நான் அதைக் குறை சொல்லவில்லை. கடலில் போகிறவர்களுக்கு அப்படி ஒரு மரியாதை வேண்டும்.

ஊர்த் தலைவர் வந்தார். நான் துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டேன்.

"தலைவரே, தண்ணி இப்போ ஏறிகினு கீது. ஒரு மணி நேரம். எறக்கி வெளிய உட்டுட்டு எல்லாரும் சாவு வூட்டுக்கே வந்துடுறோம்."

"மாப்ள, உனுக்குத் தெரியாததா? தண்ணில ஒண்ணும் எறங்கக் கூடாது."

"சாயங்காலம் எடுத்துடுவீங்க இல்ல? ராத்திரி ஏத்தத்துல எறக்கிக்கிறேன்."

அவர் வேட்டியைச் சரிசெய்தபடி சொன்னார். "எங்க சாயங்காலம்? புள்ள துபாய்ல கீறான். வந்துதான் கொள்ளி போடணும். ப்ரீசர் பொட்டி சொல்லிட்டோம்."

அந்த வார்த்தை எனக்கு உடனே உறைக்கவில்லை. உறைத்தபோது சவுக்குக் கட்டையின் மேலேயே உட்கார்ந்தேன். வேட்டியெல்லாம் கிரீஸ்.

இந்த வழக்கத்தை வைத்தவர்கள் காலத்தில் பிணம் பொழுது சாய்வதற்குள் போய்விடும். ஒரு வேளைப் பட்டினி, அவ்வளவுதான். இவர்கள் பெட்டியை மின்சாரத்தில் சொருகிவிட்டு வழக்கத்தை அப்படியே வைத்துக்கொண்டார்கள். அமாவாசைக்குப் பிறகும் இரண்டு மூன்று நாள் தண்ணீர் நன்றாக ஏறும். அந்த நாள்களை எல்லாம் அந்தப் பெட்டி தின்றது. முதல் நாள் டிக்கெட் கிடைக்கவில்லை என்றார்கள். அடுத்த நாள் முதலாளி பாஸ்போர்ட்டைத் தரவில்லை என்றார்கள். வெள்ளம் வடிந்துகொண்டே இருந்தது. நான் தினமும் முகத்துவாரத்துக்குப் போய் நின்றேன். அலை மணலைக் கொண்டுவந்து கொட்டுவது கண்ணுக்குத் தெரிந்தது.

ஓனர் கத்தினார். "என் ஆளுங்கள ராயபுரத்துலேந்து லாரில இட்டாரேன். உன் குப்பத்துக்காரன் ஒருத்தனும் வேணாம்."

பாயும் அதையே சொன்னார். "எங்கள்ல மய்யித்த நேரத்தோட அடக்கம் பண்ணிடுவோம். இவுங்க மீன வெக்கிறாப்ல வெச்சுகினு கீறாங்க. நீ ஏன் மாமு பயப்படற?"

நான் உங்கள் அம்மாவைப் பார்த்தேன். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "நீ எறக்கிக்கோ. அப்பால எங்க அண்ணனுங்கள ஊர உட்டுத் தள்ளி வெப்பாங்க. அவுங்க வூட்டு நல்லது கெட்டதுக்கு ஒருத்தன் வர மாட்டான். அத்தப் பாத்துகினு நான் உன் படகுல குந்திகினு இருக்கணுமா?"

அவள் சொன்னதில் தப்பில்லை. அதனால்தான் ராயபுரத்து ஆட்கள் வேண்டாம் என்று ஓனரிடம் சொல்லிவிட்டேன்.

மூன்றாம் நாள் சாவு வீட்டுக்குப் போனேன். பந்தலில் பிளாஸ்டிக் நாற்காலி. நடுவில் கண்ணாடிப் பெட்டி, அதன் மோட்டார் ஓடுகிற சத்தம். உள்ளே பெரியவர், மாலை வாடாமல். அவருடைய மனைவி என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு உட்காரவைத்தாள்.

"படகு எறங்கலியா மாப்ள?"

"இல்லம்மா."

"அவுரு இருந்தா, போடா போய்ப் பொயப்பப் பாருடான்னு சொல்லியிருப்பாரு. நீ எறக்கிக்க. நான் சொன்னேன்னு சொல்லு."

எனக்கு உயிர் வந்தது. எதிர்வரிசையில் உட்கார்ந்திருந்த தலைவரிடம் ஓடினேன். அவர் குரலை உயர்த்தவே இல்லை.

"அது அந்தம்மா சொல்றதில்ல மாப்ள. ஊரு சொல்லணும். உனுக்கு உட்டா நாளிக்கு எல்லாரும் கேப்பான்."

அன்றைக்குத்தான் உங்கள் சின்ன மாமன் என்னைத் தனியாகக் கூப்பிட்டு ஒரு விஷயம் சொன்னான். தலைவருக்குக் காசிமேட்டில் ஒரு விசைப்படகு இருந்தது. அது சாவு விழுந்த அன்றே ஐஸ் ஏற்றிக்கொண்டு கடலுக்குப் போயிருந்தது. இன்னும் திரும்பவில்லை. நான் நேராகத் திரும்பிப் போய்க் கேட்டேன், பந்தலில், எல்லார் முன்னாலும்.

அவர் வெற்றிலையை மடித்தபடி, கொஞ்சம்கூடக் கலங்காமல் சொன்னார். "அது காசிமேடு மாப்ள. இது நம்ம ஆறு."

யாரோ எனக்கு டீ கொண்டுவந்து கொடுத்தார்கள். நான் அதை வாங்கிக் குடித்தேன். அந்த டீயின் சர்க்கரை இன்னும் என் நாக்கில் இருக்கிறது, கசப்பாக.

பையன் ஐந்தாம் நாள் வந்து சேர்ந்தான். அன்று மாலையே எடுத்தார்கள். மறுநாள் காலை எல்லாரும் வந்து வடத்தைப் பிடித்தார்கள், என்னமோ எதுவும் நடக்காத மாதிரி. படகு சறுக்கி ஆற்றில் விழுந்தது. மூக்கை ஒரு முறை அழுத்தி, தூக்கி, நேராக நின்றது. ஒரு பக்கம்கூடச் சாயவில்லை. பிள்ளைகளே, அதை மட்டும் எழுதாமல் விட மாட்டேன். அது மிதந்தது. பாய் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அவருடைய வெள்ளைச் சட்டையில் என் முகத்தைத் துடைத்தார்.

அதை இரண்டு சின்னப் படகுகளோடு பிணைத்து முகத்துவாரம்வரை இழுத்துக்கொண்டு போனோம். அங்கே அடியில் ஒரு உரசல் கேட்டது. அப்புறம் நின்றுவிட்டது. இழுத்தோம், பின்னால் தள்ளினோம், படகை ஒரு பக்கம் சாய்த்துப் பார்த்தோம். கடல் ஒரு கூப்பிடு தூரத்தில் இருந்தது. அங்கிருந்து பார்த்தால் துறைமுகத்துக்குக் காத்திருக்கிற பெரிய கப்பல்கள் வரிசையாகத் தெரிந்தன. சாயங்காலம் படகைத் திரும்ப ஆற்றுக்குள் இழுத்துவந்து கட்டினோம்.

அன்றைக்கும் கடல் ஏறும் என்று பௌர்ணமிக்குக் காத்திருந்தோம். அதற்குள் கடல் கொந்தளித்து மணலை மேடாகப் போட்டது. தோண்டித் தரச் சொல்லி ஆபீஸ் ஆபீஸாக அலைந்தேன். ஒருத்தர் இது எங்கள் வேலை இல்லை என்றார், இன்னொருத்தர் டெண்டர் வரட்டும் என்றார். சாலை வழியாகக் கொண்டுபோகலாம் என்றால் ரயில் கேட்டும் மின்கம்பியும் தாண்டாது. அடுத்த மழைக்காலம் பொய்த்தது. ஓனர் அதுவரைக்கும் பொறுத்ததே பெரிது. ஒரு நாள் ஆட்களோடு வந்து, தான் வாங்கிப் பொருத்தவைத்த இன்ஜினைக் கழற்றிக்கொண்டு போனார். போகும்போது என்னைத் திட்டவில்லை. "உன் வேலையில ஒரு கொறையும் இல்ல நைனா. உன் ஊருதான் சரியில்ல" என்றார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். யாருக்கு யார் எவ்வளவு கொடுக்க வேண்டியிருந்தது என்ற கணக்கை இங்கே எழுதப்போவதில்லை. உங்கள் அம்மாவின் கழுத்தைப் பார்த்தால் போதும்.

கடைசியில் பாய் வந்தார். என்னைப் பார்க்காமல் ஆற்றைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"மாமு, துருப் புடிச்சா கிலோவுக்குக்கூட ஆவாது. நீ வராத. நான் ஆள வெச்சு அறுத்துக்கிறேன்."

"நான் வரேன் பாய்."

"பேஜாரு பண்ணாத. பெத்த புள்ளய அறுக்கறத எவனாவது பாப்பானா?"

நான் போனேன். கேஸ் கட்டர் வைத்திருந்த இரண்டு பேரும் அவர் கடை ஆட்கள், என்னைத் தெரியாதவர்கள். படகைக் கரைக்கு இழுத்துப் போட்டு, அங்கங்கே அறுத்து, மிச்சத்தைச் சம்மட்டியால் அடித்துப் பிரிக்கப் பார்த்தார்கள். ஒட்டு விட்டுக்கொடுக்கவில்லை. ஒருத்தன் சம்மட்டியைக் கீழே போட்டுவிட்டு, "எவன்டா இத்த அடிச்சது? சாவுகிராக்கி, ஒரேயடியா இப்டியா ஒட்டி வெப்பான்?" என்று என்னிடமே கேட்டான். எனக்குத் தெரியாது என்று சொன்னேன்.

கடைசி லாரி போகும்போது பாய் என் தோளைத் தட்டிவிட்டு முன்சீட்டில் ஏறிக்கொண்டார். அப்புறமும் அவர் எனக்கு வேலை கொடுத்தார், இப்போதும் பக்ரீதுக்குப் பிரியாணி அனுப்புகிறார். ஆனால் நாங்கள் அதைப் பற்றிப் பேசியதே இல்லை. பட்டறை இருந்த இடத்தை ஊர் திரும்ப எடுத்துக்கொண்டது. தலைவர் இன்றைக்கும் தெருவில் பார்த்தால், "மாப்ள, நல்லாக் கீறியா?" என்று கேட்கிறார். நானும் நன்றாக இருக்கிறேன் என்று சொல்கிறேன். வேறு என்ன சொல்ல முடியும் என்று நீங்களே சொல்லுங்கள்.

லாரி போன அன்று நான் உடனே வீட்டுக்கு வரவில்லை. உங்கள் அம்மாவுக்கும் இது தெரியாது. வெயில் இறங்காத நேரம். கரையோரமாகவே நடந்து முகத்துவாரத்துக்குப் போனேன். ஏற்றம் இறங்கிக் கடல் வற்றியிருந்தது. அங்கே ஒரு ஆளும் இல்லை. செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டேன். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கி, இந்தக் கரையிலிருந்து நேராக எதிர்க்கரைக்கு நடந்தேன். தண்ணீர் ஒரு இடத்திலும் முழங்காலைத் தொடவில்லை. மறுகரையில் ஏறி, காலில் ஒட்டியிருந்த சாம்பலை உதறிவிட்டு, செருப்பைக் கீழே போட்டு மாட்டிக்கொண்டேன்.